புதுச்சேரி – கடலூர் கரைக்குத் தனியாக ஓர் உயிர்காப்புப் படகு நிலையம் வேண்டுமா?

பழைய கலங்கரை (புதுச்சேரி)

கடலில் தத்தளிப்பவரை மீட்பது என்ற ஒரே வேலைக்காக, ஆட்களோடும் எண்ணெயோடும் இரவு பகலாகத் தயாராக நிற்கும் படகு நம் கரைக்கு வேண்டும். புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்று, கடலூர் துறைமுகத்தில் ஒன்று. ஆட்கள் குப்பத்து இளைஞர்கள், செலவுக்குப் பொதுமக்கள் நன்கொடை. இதுதான் என் கோரிக்கை. விவாதிக்கலாம் வாருங்கள்.

நம் கடலின் பழைய கணக்கு பெரியது. 1749 ஏப்ரலில் அடித்த புயலில் கடலூர் தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டைக்கு அருகே 'நாமூர்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் உடைந்து 520 பேர் மூழ்கினார்கள். அதே புயலில் 'பெம்ப்ரோக்' கப்பலும் போனது. 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற கப்பல்கள் மேல் இன்னொரு புயல் இறங்கியது. 'சண்டர்லாந்து', 'டியூக் ஆஃப் அக்விட்டேன்' இரண்டும் ஆட்களோடு கடலுக்குள் போயின.

அப்போது உலகத்தில் எங்குமே பெரிதாக மீட்பு ஏற்பாடு கிடையாது. 1789இல் வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்று முகத்துவாரத்தில் 'அட்வென்ச்சர்' என்ற கப்பல் தரை தட்டியது. கரையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்க, கண்ணெதிரே மாலுமிகள் பாய்மரக் கயிறுகளிலிருந்து ஒவ்வொருவராக விழுந்து செத்தார்கள். அந்த அலையில் இறங்கக்கூடிய படகு ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் சவுத் ஷீல்ட்ஸ் ஊரில் 2 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசு அறிவித்து உயிர்காப்புப் படகுக்கு மாதிரி கேட்டார்கள். வில்லியம் வுட்ஹேவ் என்பவர் கவிழ்ந்தால் தானே நிமிரும் மாதிரி ஒன்றைக் கொடுத்தார். முடிவில் படகைக் கட்டியவர் ஹென்றி கிரேட்ஹெட். 30 அடி நீளம், இரு முனையும் ஒரே மாதிரி கூர், பக்கங்களில் தக்கை. 1790 ஜனவரி 30 அன்று அது முதல் மீட்புக்குப் போனது.

1824 மார்ச் 4 அன்று சர் வில்லியம் ஹிலாரியின் விடாமுயற்சியால் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கியது. இன்றைக்கு அதன் பெயர் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன். 200 ஆண்டு தாண்டியும் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடுகிறது, 1,40,000 உயிருக்கு மேல் மீட்டிருக்கிறது. அந்தக் கரைக்கு முடிந்தது இந்தக் கரைக்கும் முடியும் என்று நம்புகிறேன்.

சோனாங்குப்பம்

அண்ணே, கரையில் ஆயிரம் பேர் நின்று பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்படி ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி. இன்றைக்கு அவன், நாளைக்கு நான்.

முகத்துவாரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மணல் மேடிட்டு ஆழம் குறைந்திருக்கும். வாடைக்காலத்தில் பெரிய அலை மூன்று நான்கு அடுத்தடுத்து வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் படகை உள்ளே விட வேண்டும். பாரம் ஏற்றி வரும் ஃபைபர் போட் ஒன்று ஒரு நொடி தவறிப் பின்னலையில் மாட்டினால் பின்பக்கம் தூக்கி, மூக்கு மணலில் குத்தி, குறுக்கே திரும்பிக் கவிழும். ஆள் படகுக்கு அடியில். காலில் வலை. அந்த நேரத்தில் பின்னால் வரும் படகுக்காரன்தான் மீட்புப் படை. இன்ஜினைக் குறைத்து, அலைக்கு முகம் கொடுத்து, கவிழ்ந்த படகின் மேல் மோதாமல் பக்கவாட்டில் வந்து, காலிக் கேன் கட்டிய கயிற்றை வீசுவான். இடுப்பில் கத்தியோடு ஒருத்தன் குதிப்பான், வலையை அறுக்க. எல்லாம் இரண்டு மூன்று நிமிஷ வேலை. தேங்காய்த்திட்டிலிருந்து நீங்கள் படகை அவிழ்த்துக் கிளம்புவதற்குள் அவன் பிழைத்திருப்பான், இல்லை செத்திருப்பான்.

அதனால் தனி நிலையம், ஷெட், சீருடை, திறப்பு விழாக் கல்வெட்டு எதுவும் எங்களுக்கு வேண்டாம். காப்பாற்றப் போகிறவனுக்கு எண்ணெய்க் காசு, போன நாளுக்குத் தொழில் நஷ்டம், அவன் உயிருக்கு ஒரு காப்பீடு. இந்த மூன்றைக் கொடுத்தால் போதும்.

பழைய கலங்கரை

தம்பி, முகத்துவாரத்தில் நீங்கள் சொல்வதே நடைமுறை. அதை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. நான் கேட்பது வேறு இரண்டு வேளைகளைப் பற்றி.

ஒன்று, இரவு. கரையிலிருந்து பல மைல் தள்ளி இன்ஜின் நின்றுபோன படகு நீவாட்டில், அதாவது கடல் நீரோட்டத்தில், இழுபடுகிறது. பின்னால் வரும் படகு என்று எதுவும் இல்லை.

இரண்டு, புயல். கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் நம் படகுகள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டப்பட்டுவிடும். அதுதான் சரியும்கூட. ஆனால் அப்போதும் திரும்பாமல் வெளியே இருப்பவரைத் தேடிப் போக ஃபைபர் போட் ஆகாது. கவிழாத, கவிழ்ந்தாலும் நிமிரும் படகு வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் முன்னோர் செய்ததும் ஒழுங்கான ஏற்பாடுதான். துறைமுகமே இல்லாத சென்னைக் கரையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தது மசூலாப் படகு. ஆணி இல்லை, சட்டம் இல்லை, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பலகை வளைந்து கொடுக்கும், பிளக்காது. புதுச்சேரியிலும் இந்த வகைப் படகுதான், இங்கே சலங்கு என்பார்கள். அது கவிழ்ந்தால் ஆளைப் பொறுக்கியெடுக்கக் கூடவே கட்டுமரங்கள் போயின. உயிர் மீட்ட கட்டுமரக்காரர்களுக்குப் பரிசும் பதக்கமும் கொடுத்த பழக்கம் இருந்தது. ஐரோப்பாவில் தக்கைப் படகுக்கு மாதிரி கேட்ட காலத்தில் இங்கே மீட்புத் துணைப்படகு தினசரி வேலையாக நடந்திருக்கிறது. அந்த ஏற்பாடு எங்கே போனது என்பதுதான் என் வருத்தம். துறைமுகமும் கப்பலுக்கான கடற்பாலமும் வந்தபோது சலங்கோடு சேர்த்துத் துணைக் கட்டுமரத்தையும் கைவிட்டோம். அதன் இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை.

சட்டக்குறிப்பு (புதுச்சேரி)

நன்கொடை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கடலில் தேடி மீட்பது அரசின் கடமை. இதற்காகவே 1979இல் ஹாம்பர்க் நகரில் சர்வதேச உடன்படிக்கை ஒன்று உருவானது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டில் கடலோரக் காவல் படைதான் இதற்குப் பொறுப்பு. சென்னையில் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது, புதுச்சேரியில் அந்தப் படையின் மாவட்டத் தலைமையகமே இருக்கிறது. 1554 அழைத்தால் அவர்கள். தமிழ்நாட்டுக் கரையில் 1093 அழைத்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம்.

ஊர் மக்கள் பணம் போட்டுப் படகு வாங்கினால் என்ன ஆகும்? அடுத்த விபத்தில் 'அதற்குத்தான் உங்கள் படகு இருக்கிறதே' என்ற பதில் வரும். கடமை கைமாறிவிடும், பட்ஜெட் மட்டும் கைமாறாது.

இங்கிலாந்துச் சங்கத்தைப் பற்றியும் முழுக்கப் பேசுவோம். தொடங்கி 30 ஆண்டுகளுக்குள் அது நிதியில்லாமல் தள்ளாடியது. 1854 முதல் 1869 வரை அரசு மானியம் வாங்கியது. இன்றைக்கும் அழைப்பை வாங்கி ஒருங்கிணைப்பதும், ஹெலிகாப்டர் அனுப்புவதும் அங்குள்ள அரசுக் கடலோரக் காவல் துறைதான். தொண்டர் படகு தனியாக நிற்கவில்லை, அரசின் தோளில் சாய்ந்து நிற்கிறது. கேரளத்தைப் பாருங்கள். ஒகி புயலுக்குப் பிறகு மாநில அரசே 'பிரதீக்ஷா', 'பிரத்யாசா', 'காருண்யா' என்று 3 கடல் ஆம்புலன்ஸ்களைக் கொச்சியில் கட்டி இறக்கியது. கேட்க வேண்டிய வாசலில் கேட்போம்.

கப்பல் மாலுமி (கடலூர் முதுநகர்)

சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயம் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். படகு வாங்குவது இதில் எளிதான பகுதி.

டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக் கப்பலுக்குச் சட்டம் கேட்டது 16 படகு. அதில் 20 இருந்தது. ஆக, சட்டப்படி குறை இல்லை. மொத்த இடம் 1,178, கப்பலில் இருந்தவர்கள் 2,200க்கும் மேல். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. பலர் யோசிக்காதது, இருந்த இடத்திலும் சுமார் 700 பேர்தான் பிழைத்தார்கள் என்பது. 40 பேர் ஏறக்கூடிய ஒரு படகு 12 பேரோடு போனது. படகை எப்படி இறக்குவது, எத்தனை பேரைத் தாங்கும் என்ற பழக்கம் ஆட்களுக்கு இல்லை. அதனால்தான் 1914இல் எழுதிய சர்வதேச உடன்படிக்கை, எல்லோருக்கும் படகில் இடம் என்பதோடு ஒத்திகையையும் கட்டாயமாக்கியது. நாங்கள் மாதாமாதம் ஒத்திகை செய்தவர்கள். அந்த ஒத்திகையிலேயே கொக்கி விடுபட்டுப் படகு விழுந்து மாலுமிகள் செத்திருக்கிறார்கள். உயிர்காப்புப் படகு ஆபத்தான பொருள் என்பதை மறந்து யாரும் அதைத் தொடக் கூடாது.

மீட்கப் போனவர்களே செத்த கணக்கும் இருக்கிறது. கிரேட்ஹெட் வகைப் படகு கவிழ்ந்தால் நிமிராது. 1849 டிசம்பரில் அதே சவுத் ஷீல்ட்ஸில் 'பிராவிடன்ஸ்' என்ற மீட்புப் படகு கவிழ்ந்து, போன 24 பேரில் 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தானே நிமிரும் படகுக்கு நார்தம்பர்லாந்து பிரபு 100 கினி பரிசு வைத்தார். 1851இல் ஜேம்ஸ் பீச்சிங் அதை வென்றார். 1854இல் கேப்டன் வார்டு தக்கை அங்கி கொண்டுவந்தார். 1861இல் விட்பி ஊரில் ஒரே நாளில் பல கப்பல்கள் கரை ஒதுங்கின. மீட்புப் படகு திரும்பத் திரும்பப் போய், கடைசியில் கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் செத்தார்கள். பிழைத்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான் அந்தப் புதுத் தக்கை அங்கியைப் போட்டிருந்தவர்.

ஆக, என் கட்சி இரண்டும் இல்லை. பயிற்சி இல்லாமல் நிலையம் திறந்தால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். பயிற்சி தொடங்கினால் முதல் ஆளாக வருவேன்.

சோனாங்குப்பம்

மாலுமி ஐயா சொன்னது மனதில் தைத்தது. எங்கள் படகுகளிலும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. மானியத்தில் கொடுத்தது. போட்டால் வலை இழுக்கக் கை வராது, வெயிலில் வேகும். அதனால் முன்பக்கம் தலையணையாகக் கிடக்கிறது. போட்டுக்கொண்டு வேலை செய்யும்படி மெல்லிசாக ஒன்று வரட்டும், நாங்களே மற்றவனை அதட்டிப் போட வைப்போம்.

வக்கீல் அக்காவுக்கு ஒரு பதில். அழைத்தால் வருவார்கள் என்கிறீர்கள். எங்கள் பகுதிப் படகு ஒன்று திரும்பாத இரவில் ஓர் அலுவலகத்துக்குப் பேசினோம். படகு எந்த எல்லையில் இருக்கிறது என்று கேட்டார்கள். தெரிந்தால் நாங்களே போயிருக்க மாட்டோமா? கடைசியாகப் பார்த்த இடத்தைச் சொன்னோம், அது புதுச்சேரிப் பக்கம் என்று இன்னொரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணில், படகின் பதிவு கடலூர் என்பதால் மறுபடி பழைய இடத்துக்கே பேசச் சொன்னார்கள். நல்லவாடு, பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் புதுச்சேரி. அடுத்த தாழங்குடா கடலூர். கரையில் கல் நட்டிருக்கிறது, நீவாட்டுக்கு அந்தக் கல் தெரியுமா? வாடை அடித்தால் காலையில் புதுச்சேரியில் நின்ற படகு சாயங்காலம் எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கும். விடிந்ததும் எங்கள் படகுகளே போய்த் தேடி இழுத்து வந்தன. ஆள் பிழைத்தார்கள்.

ஒகியிலும் இதுதான் நடந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி, கேரள மீனவர்கள் எங்கே தொழில் செய்வார்கள் என்பது அவர்கள் ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். மீனவர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு தேடுங்கள் என்று கரையில் போராட வேண்டியிருந்தது. பிறகுதான் ஏற்றிக்கொண்டார்கள்.

சட்டக்குறிப்பு

நீங்கள் சொல்லும் எல்லைப் பிரச்சினை அரசு வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது. இரு மாவட்டத்துக்கும் ஒரே அழைப்பு, ஒரே பொறுப்பாளர் என்று எழுத்தில் வாங்க வேண்டும் என்பதற்கான காரணம். உங்கள் இரவு நடந்ததை மனுவில் அப்படியே எழுதலாம். நான் எழுதித் தருகிறேன்.

நல்லவாடு

ஊர்க்காரன் என்பதால் ஒன்று மட்டும். 2004 டிசம்பர் 26 காலை சிங்கப்பூரில் இருந்த எங்கள் ஊர்க்காரர் சுனாமிச் செய்தி பார்த்துத் தொலைபேசியில் எச்சரித்தார். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. மீன் விலையும் அலை உயரமும் சொல்வதற்காக வைத்தது. அதில் அறிவித்ததும் ஊரே மேட்டுக்கு ஓடியது. படகுகள் நாசமாயின, மக்கள் பிழைத்தார்கள். தினமும் பயன்படுத்துகிற கருவி என்பதால்தான் அன்றைக்கு வேலை செய்தது. தனியாக ஷெட்டில் பூட்டி வைக்கும் படகு மீது எனக்கு நம்பிக்கை குறைவு. தினசரி ஓடும் படகுக்கே கூடுதல் கருவி போடுங்கள். நல்ல வாக்கி டாக்கி, செயற்கைக்கோளுக்கு அபாய சைகை அனுப்பும் கருவி, நிமிஷத்தில் எடுக்கும்படி மிதவைக் கயிறு.

கூடைக்காரி மகள் (வைத்திக்குப்பம்)

இதுவரை எல்லோரும் படகைப் பற்றியே பேசினீர்கள். என் அம்மா மீன் கூடை சுமந்தவர். வீட்டில் இருப்பவர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பழைய கலங்கரை ஐயா பாராட்டும் அந்த 1824 கூட்டத் தீர்மானங்களில் ஒன்றை அவர் எழுதவில்லை. பிறர் உயிரைக் காக்கப் போய் இறந்தவர்களின் விதவைகளையும் குடும்பத்தையும் சங்கத்தின் சக்திக்கு உட்பட்டுப் பராமரிக்க வேண்டும் என்று முதல் நாளே தீர்மானம் போட்டார்கள். படகு எத்தனை என்று முடிவாவதற்கு முன்பே அது எழுதப்பட்டது. அடுத்து, தொண்டர்கள் என்று நாம் சொல்கிற அந்த ஆட்கள் வெறுங்கையோடு போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கப்பல் மீட்கப் போன ஒவ்வொருவருக்கும் பகலில் போனால் 10 ஷில்லிங், இரவில் போனால் அதன் இரு மடங்காக 1 பவுண்டு கொடுத்தார்கள். அவர்களும் நம்மைப் போல மீன்பிடிப்பவர்கள், ஒரு நாள் தொழில் போனால் அடுப்பு எரியாதவர்கள். சேவை என்று பெயர் வைத்து ஏழையின் நாளை இலவசமாகக் கேட்கக் கூடாது என்று அன்றே புரிந்திருக்கிறது. சோனாங்குப்பத்துத் தம்பி கேட்ட தொழில் நஷ்டத்துக்கும் உயிர்க் காப்பீட்டுக்கும் ஈடானதை அந்தச் சங்கம் அன்றே செய்திருக்கிறது.

நம் நிலைமை என்ன? கடலில் போனவர் உடல் கிடைக்காவிட்டால், சட்டப்படி இறந்ததாகக் கொள்ள 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை அவள் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, படகுப் பதிவு, கடன் எல்லாம் காணாமல் போனவர் பெயரில். ஒகியில் அரசு தனி உத்தரவு போட்டு முன்கூட்டியே உதவித்தொகை கொடுத்தது. பெரிய புயல் என்பதால் அது நடந்தது. சாதாரண நாளில் ஒருவரைக் காப்பாற்றக் குதித்துக் காணாமல் போனவரின் பெண்டாட்டிக்கு யார் தனி உத்தரவு போடுவார்கள்?

பெண்களைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்பதையும் இப்போதே பதிவு செய்கிறேன். கிரேஸ் டார்லிங் 1838இல் தன் அப்பாவோடு துடுப்புப் போட்டுப் போய்ப் பாறையில் தவித்தவர்களை மீட்டதைப் பலரும் படித்திருப்பீர்கள். அவர் ஒருத்தி. டன்ஜனஸ் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கனமான மீட்புப் படகைக் கூழாங்கல் கரையிலிருந்து தண்ணீருக்குள் தள்ளியது ஊர்ப் பெண்கள். கரையில் வாக்கி டாக்கியைக் கேட்டு, யார் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்று கணக்கு வைக்கும் வேலையை எங்களை விட நன்றாக யார் செய்வார்கள்? ஏலக்கூடத்தில் எந்தப் படகு இன்னும் வரவில்லை என்று முதலில் தெரிவது எங்களுக்குத்தான்.

கப்பல் மாலுமி

அம்மா எழுதியதற்குச் சட்டத்திலிருந்து ஒரு ஆதாரம். கடல் சட்டத்தில் ஒரு பழைய அநீதி உண்டு. மூழ்கும் கப்பலையோ சரக்கையோ காப்பாற்றினால் அதன் மதிப்பில் பங்கு கேட்கலாம். உயிரை மட்டும் காப்பாற்றினால் மீட்கப்பட்டவரிடம் ஒரு காசும் கேட்க முடியாது. கடலில் கப்பல், சரக்கு மீட்பு பற்றிய 1989 சர்வதேச உடன்படிக்கையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் உயிரைக் காப்பாற்றுவது கப்பல் தலைவனுக்குக் கட்டாயக் கடமை. ஆளிடம் கூலி கேட்கக் கூடாது என்பது நியாயம். அந்தச் செலவைச் சமூகம் ஏற்க வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். வழியை மாற்றிப் போய் ஒருவரை மீட்ட கப்பலுக்கு எண்ணெயும் நேரமும் செலவு. பெரிய கம்பெனி தாங்கும். ஃபைபர் போட் தாங்காது.

கரையோரம் (கடலூர்)

எல்லாம் சரி. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலைத் தகராறில் ஊரும் ஊரும் கடலிலேயே மோதிக்கொண்டதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். ஒரு ஊர்ப் படகு இன்னொரு ஊர் எல்லைக்கு வந்தால் பஞ்சாயத்துக் கூடுகிறது. இதில் பொதுவான மீட்புப் படகு எந்த ஊர்க் கரையில் நிற்கும்? யார் சாவி வைத்திருப்பார்? எந்த ஊர்ப் பையன் ஸ்டியரிங் பிடிப்பான்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இங்கிலாந்து வரலாறு எவ்வளவு படித்தும் பயனில்லை. அரசு நடத்தினால் குறைந்தது எல்லா ஊருக்கும் அந்நியனாகவாவது இருக்கும்.

பழைய கலங்கரை

இந்த விவாதத்தில் எழுந்ததிலேயே கனமான கேள்வி இது. என் பதில் இரண்டு.

1824 தீர்மானங்களில் இன்னொன்று, போரிலும் சமாதானத்திலும் எல்லா நாட்டவரையும் ஒரே மாதிரி மீட்க வேண்டும் என்பது. நெப்போலியனோடு தலைமுறைப் போர் நடத்தி முடித்து 10 ஆண்டுகூட ஆகாத நாட்டில் அதை எழுதினார்கள். பகை தீர்ந்த பிறகு மீட்புச் சங்கம் என்று காத்திருக்கவில்லை.

இரண்டாவது, படகைப் பொதுவாக்குவதை விட விதியைப் பொதுவாக்குவது எளிது. ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்ப் படகுகளில் இரண்டு மூன்றை மீட்புக்கு என்று குறித்து வைக்கலாம். நல்லவாட்டுக்காரர் சொன்ன கருவிகள் அவற்றில் இருக்கட்டும். எந்த ஊர்ப் படகு போனாலும் ஒரே எண்ணெய்ப்படி, ஒரே காப்பீடு. நான் கேட்ட நிமிரும் படகை விடவில்லை. கூண்டு ஏற்றிய பின் போக அது வேண்டும்தான். அதை மட்டும் கடலோரக் காவல் படையோ மாநில அரசோ வைத்திருக்கட்டும்.

சோனாங்குப்பம்

சாவி எங்கள் கையில் இருக்கும்படி இருந்தால் பஞ்சாயத்தில் பேச முடியும். சுருக்குமடி விஷயத்தில் எனக்கும் அடுத்த ஊர்க்காரனுக்கும் பேச்சே கிடையாது. இருந்தாலும் அவன் படகு கவிழ்ந்தால் கயிறு வீசுவேன், அவனும் வீசுவான். வீசியிருக்கிறான். இதில் கரையோரம் அண்ணன் சந்தேகப்பட வேண்டியதில்லை. சண்டை வருவது காசு வரும் இடத்தில்தான். அதனால் காசு எந்த ஊர்க் கணக்குக்கும் வரக் கூடாது. போனவன் கைக்கு நேராக வர வேண்டும்.

சட்டக்குறிப்பு

என் நிலையில் மாற்றம் இல்லை. நன்கொடைக் கணக்கு தொடங்கினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எண்ணெய்ப்படியும் காப்பீடும் இரு மீன்வளத் துறைகளின் ஆணையாக வர வேண்டும். காணாமல் போனவர் குடும்பத்துக்கு 7 ஆண்டுக் காத்திருப்பைத் தளர்த்தும் நிரந்தர ஆணையும் அதே மனுவில் இருக்கும். வைத்திக்குப்பம் தோழி அந்தப் பகுதியை அவர் சொற்களிலேயே எழுதி அனுப்பினால், நான் சட்டப் பிரிவுகளைச் சேர்க்கிறேன்.

கூடைக்காரி மகள்

அனுப்புகிறேன். அலைந்த பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெயர் போடாமல் அவர்கள் சொல்வதை எழுதி வாங்குகிறேன்.

நல்லவாடு

மனு அது பாட்டுக்குப் போகட்டும். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். பயிற்சிக்கு அதை விட நல்ல காலம் வராது. மாலுமி ஐயா, எங்கள் பக்கமும் சோனாங்குப்பம் பக்கமும் ஆள் சேர்த்தால் வருவீர்களா? என்ன தயார் செய்ய வேண்டும்?

கப்பல் மாலுமி

வருகிறேன். கடல் அமைதியாக இருக்கும் காலையில் வேண்டாம், மதியத்துக்கு மேல் தென்காற்று ஏறிய பிறகு முகத்துவாரத்துக்கு உள்பக்கம் தொடங்குவோம். ஒரு பழைய ஃபைபர் போட், கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்க. காலிக் கேன், கயிறு உங்களிடமே இருக்கும். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் இருவரும் வரட்டும். ஒவ்வொரு படகிலிருந்தும் இப்போது தலையணையாகக் கிடக்கும் அந்த லைஃப் ஜாக்கெட்டையே எடுத்து வரச் சொல்லுங்கள். புதிது வாங்க வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்து, எது மிதக்கிறது, எதன் வார் அறுகிறது என்று முதல் நாளே பிரித்து வைத்துவிடுவோம்.